அந்தக் கால் அதனுடையது அல்ல

ஜனவரி 5, திங்கள்

பனிமூட்டம். எதிர் பிளாக் தெரியவில்லை. கீசர் மறுபடி மக்கர். எலக்ட்ரீஷியனுக்குச் சொல்ல வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் செல்வி வரவில்லை. ஜங்புராவில் மதராசி கேம்ப் குடிசைகளை இடிக்கும்வரை விடிந்ததும் வாசலில் நிற்பாள். இப்போது நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி வர வேண்டும், அதிலும் இந்தப் பனியில். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பாத்திரம் தேய்த்தது நான்.

எழுத உட்கார்ந்தது அதற்கல்ல.

நான் வேலை பார்க்கும் புதைபடிவ இன்ஸ்டிட்யூட்டின் வரவேற்பறைச் சுவரில் புது போஸ்டர். ஆள் உயரம். நீலக் கடல், மஞ்சள் கரை, கரையில் நரி மாதிரி ஒரு மிருகம். நீள மூஞ்சி, நீள வால், நான்கு கால். மேலே பெரிய எழுத்து: உலகின் மிகப் பழைய நடக்கும் திமிங்கிலம். கீழே: நம் மண்ணின் மூதாதை. மந்திரி 21ஆம் தேதி வந்து திறந்து வைக்கிறார்.

டிபன் பையோடு நின்றுகொண்டே இருந்தேன். காவலாளி பக்கத்தில் இருந்தவரிடம், "குத்தா ஹை க்யா?" நாய் இல்லை அண்ணா. நாயாக இருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த மிருகத்தின் காது நான் எடுத்தது. மூன்று குளிர்காலத்துக்கு முன், கட்ச் வெட்டவெளியில், மண்டியிட்டு. பாதி எலுமிச்சம்பழம் அளவு எலும்பு ஓடு. காதைச் சுற்றி இருக்கும் ஓடு, உள்காது எலும்பும் அதோடு ஒட்டியபடி. ஒரு பக்கம் உதடு போலத் தடித்திருந்தது. அந்தத் தடிப்பு திமிங்கிலங்களுக்கு உண்டு, அவற்றின் மிக நெருங்கிய சொந்தங்கள் சிலவற்றுக்கு உண்டு, வேறு எந்தப் பாலூட்டிக்கும் கிடையாது. பார்த்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் பாம்பு என்று நினைத்து ஜீப் டிரைவர் தடியோடு ஓடி வந்தார்.

கிடைத்தது காது மட்டும். மேல் அடுக்கில், பழுப்புச் சுண்ணாம்புக் கல்லில்.

போஸ்டரில் கால் இருக்கிறது. கால் எங்கிருந்து வந்தது?

சாயங்காலம் விசாரித்துத் தெரிந்துகொண்டது: அடுத்த வருஷம் வேறொரு குழு போனது. கீழ் அடுக்கில், பச்சைக் களிமண்ணில், ஒரு கணுக்கால் எலும்பு எடுத்து வந்தது. வேறு இடம், வேறு அடுக்கு. கீழ் அடுக்கு என்றால் லட்சக்கணக்கான ஆண்டு மூத்தது. அந்தக் காலையும் என் காதையும் ஒரே மிருகம் ஆக்கிவிட்டார்கள். காது இருப்பதால் திமிங்கிலம். கால் இருப்பதால் நடந்தது. கீழ் அடுக்கு என்பதால் உலகிலேயே பழையது. இரண்டு உண்மையைப் பசை போட்டு ஒட்டிச் செய்த ஒரு பொய்.

கட்டுரையும் எழுதியாகிவிட்டதாம். டைரக்டர் பெயர் முதலில், என் பெயர் நான்காவது. என்னிடம் காட்டக்கூட இல்லை.

ஜனவரி 6, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மெட்ரோவில் குடியரசு தின ஒத்திகைக் கூட்டம்.

டைரக்டர் கந்தசாமியைப் பார்க்கக் காலையிலிருந்து காத்திருந்தேன். உள்ளே விட்டது மத்தியானம். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். வேலை ஆக வேண்டும் என்றால் என்னிடம் தமிழ், திட்ட வேண்டும் என்றால் ஆங்கிலம். இன்று தமிழ்.

"வாங்க அம்மணி, உக்காருங்க. காப்பி சொல்லட்டுங்களா?"

"வேண்டாம் சார். போஸ்டர்ல இருக்கிற கால் எந்தக் கால்?"

"நம்ம காலுதானுங்க." சிரிப்பு.

"காது மேல் அடுக்கு சார். என் கையால எடுத்தேன். கணுக்கால் கீழ் அடுக்கு."

"டப்பாவுல ரெண்டுக்கும் கீழ் அடுக்குன்னுதானுங்க ஒட்டியிருக்குது."

"மழையில ஸ்டோர் ஒழுகினப்ப எல்லா டப்பாவையும் மாத்தினாங்க சார். லேபிள் அப்ப புதுசா ஒட்டினது. நான் அப்பவே சொன்னேன்."

"மூணு வருசம் ஆச்சுங்களே அம்மணி. ஞாபகங்கிறது மாறிப் போகுமுங்க. உங்க மேல தப்பில்லீங்க."

என் மேல் தப்பில்லையாம். மன்னித்துவிட்டார்!

அளவும் பொருந்தவில்லை என்றேன். அந்தக் கணுக்காலுக்கு மேலே நிற்கும் உடம்பு கன்றுக்குட்டி அளவு இருக்க வேண்டும், இந்தக் காது நரி அளவு மண்டைக்கு உரியது.

"பெரிய காலு, சின்னக் காது. நம்மூர்ல அப்படி ஆளுங்களே இல்லீங்களா?" என்றார். பிறகு பி.ஏ.வைப் பார்த்து ஆங்கிலத்தில், "நெக்ஸ்ட்."

வெளியே வந்து லேடீஸ் டாய்லெட் சுவரைக் குத்தினேன். டைல்ஸ். பேனா பிடிக்க விரல் வலிக்கிறது.

இந்த இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர அவர் ஒருவர்தான். எனவே இந்த நோட்டு வீட்டை விட்டு வெளியே போகாது.

ஜனவரி 7, புதன்

காலிஃப்ளவர், மல்லித்தழை, மகள் நிலாவுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ். கீசர் இன்னும் இல்லை.

நிலாவுக்குக் குளிர்கால லீவு. பத்தாவது படிக்கிறவள், தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். என் போனில் போஸ்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது திமிங்கிலத்தோட நானியா?"

"பாட்டி இல்லை."

"ஃபிர்? அப்புறம் என்ன?"

"பங்காளி."

அந்தச் சொல் அவளுக்குத் தெரியவில்லை. அவள் பெரியப்பா மகன் ராசுவைச் சொல்லித்தான் விளக்கினேன். ராசு உனக்கு அப்பனும் இல்லை, தாத்தாவும் இல்லை. ஆனால் உங்கள் இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவர். மண்ணுக்குள் தோண்டினால் கிடைப்பதெல்லாம் ராசுக்கள்தான். தாத்தாவே கிடைத்தாலும் இவர்தான் தாத்தா என்று எலும்பு சொல்லாது. யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைத்தான் சொல்லும்.

"ஆனா எப்படித் தெரியும், ராசு அண்ணா நம்ம ஆளுன்னு?"

நல்ல கேள்வி. இரண்டு கண் இருக்கிறது, அதனால் சொந்தம் என்று சொல்ல முடியுமா? எல்லோருக்கும் இரண்டு கண். உங்கள் தாத்தா வழியில் மட்டும் சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்கிறது பார், உனக்கும் ராசுவுக்கும் இருக்கிறது, தெருவில் வேறு யாருக்கும் இல்லை. அதுதான் சாட்சி. பழையது, பொதுவானது எதுவும் சாட்சி ஆகாது. ஒரு கிளையில் புதிதாக வந்து, அந்தக் கிளைக்குள் மட்டும் தங்கியது எதுவோ அதுதான் சாட்சி. காதின் தடிப்பு அப்படி. கணுக்கால் எலும்பும் அப்படி. அதில் மேலும் கீழும் கப்பி மாதிரி பள்ளம் இருந்தால் ஆடு, மாடு, பன்றி, நீர்யானைக் கூட்டம். பழைய திமிங்கிலங்களுக்குக் கால் இருந்தது, அந்தக் காலில் அதே இரட்டைக் கப்பி இருந்தது. அதனால்தான் திமிங்கிலமும் அந்தக் கூட்டத்துப் பிள்ளை என்று நாம் தைரியமாகச் சொல்கிறோம்.

நிலா யோசித்தாள். "அப்போ காலும் இம்பார்ட்டன்ட்தானே? ஏன் கோபம்?"

அதனால்தான் கோபம். கால் முக்கியம். எந்த மிருகத்தின் கால் என்பது அதைவிட முக்கியம்.

நாங்கள் ஒரு பெரிய அட்டவணை போடுகிறோம். ஒரு பக்கம் மிருகங்கள், இன்னொரு பக்கம் குணங்கள். இருந்தால் 1, இல்லாவிட்டால் 0, தெரியாவிட்டால் கேள்விக்குறி. அதை வைத்துக் கம்ப்யூட்டர் கிளை பிரிக்கும். என் மிருகத்துக்குக் கால் பற்றிய கட்டம் எல்லாமே கேள்விக்குறி. டைரக்டர் அங்கே 1, 1, 1 என்று நிரப்பியிருக்கிறாராம். மரம் வேறு மாதிரி முளைக்காமல் என்ன செய்யும்?

வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னேன். சுடலைமுத்து, மத்திய அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீஸர். சாக்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி, மார்ச்ல உனக்கு கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும்லா? கையெழுத்து யார் போடுதா? அவருதான? பெறவு என்னத்துக்கு இந்த வம்பு?"

"கட்டுரையில இருந்து என் பேரை எடுக்கச் சொல்லிட்டு ஒதுங்கிரப் போறேன்."

"பேரை எடுத்தா? காது அங்கதான இருக்கும்?"

எரிச்சலாக வந்தது. சரியாகச் சொன்னதால் கூடுதல் எரிச்சல்.

ஜனவரி 9, வெள்ளி

குளிர். லேபில் ஹீட்டர் ஒன்றுதான், அதுவும் ஸ்கேன் மெஷினுக்காம்.

ஃபர்ஹானாவிடம் எல்லாம் சொன்னேன். பழைய டில்லிக்காரி. கடல் மண்ணில் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாத கிளிஞ்சல்களைப் பார்த்து அந்த மண் எந்தக் காலத்தது என்று சொல்வதுதான் அவள் வேலை. நாங்கள் இந்தியில் பேசுவோம். அவள் என்னை இஷா என்பாள். இசக்கியம்மாள் என்ற பெயரை இந்த ஊரில் ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை.

"காதுக்குள்ள மண் மிச்சம் இருக்கா?" என்றாள்.

வெளியே இல்லை. பளபளவென்று சுத்தம் செய்துவிட்டார்கள். போட்டோவுக்காக.

"உள்ளே?"

இரண்டு பேரும் ஸ்கேன் படத்தைத் திறந்து பார்த்தோம். ஓட்டின் வயிற்றுக்குள், விரிசலுக்குப் பின்னால், ஒரு கட்டி. இருக்கிறது! அவ்வளவு காலமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. மேல் அடுக்கில் ஒரு சுருள் கிளிஞ்சல் உண்டு, கீழ் அடுக்கில் அது அறவே கிடையாது என்றாள் ஃப. அந்தக் கட்டியில் ஒரு சிட்டிகை கிடைத்தால் போதும். டப்பா லேபிளும் வேண்டாம், என் ஞாபகமும் வேண்டாம்.

விரிசலைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். அதற்கு டைரக்டரின் அனுமதி வேண்டும். கேட்டேன்.

பதில் ஆங்கிலத்தில். "அப்ஸலூட்லி நாட். இட் இஸ் அ நேஷனல் ட்ரெஷர்."

போன வாரம் வரை அது ஸ்டோரில் மூன்றாவது அலமாரியில் பழைய பேப்பருக்குள் கிடந்தது. அப்போது யாருக்கும் பொக்கிஷம் இல்லை.

கான்டீனில் என் முதுகுக்குப் பின்னால் யாரோ: "மேடத்துக்குப் பொறாமை." திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தட்டு பறந்திருக்கும்.

ஜனவரி 12, திங்கள்

செய்துவிட்டேன்.

மத்தியான வெளிச்சத்தில், லேப் கதவைத் திறந்து வைத்து, ஃபர்ஹானா பக்கத்தில் நிற்க. திருட்டுத்தனமாகச் செய்ததாக யாரும் சொல்லக் கூடாது. சேகரிப்பு அறைப் பதிவில் கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'உள்ளே இருக்கும் மண்ணைப் பார்க்க' என்றே எழுதினேன். பதிவைப் பார்க்கும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

ஊசி, லென்ஸ், மூச்சைப் பிடித்துக்கொண்டு. விரிசலின் ஓரம் முதலில் வழி விட்டது. பிறகு டக்கென்று ஒரு சத்தம். ஓட்டின் ஓரத்தில் நகம் அளவு சில்லு தெறித்து மேஜையில் விழுந்தது.

கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் உடையாமல் கிடந்ததை நான் உடைத்தேன். என் கை. கண்ணில் தண்ணீர் வரவில்லை, காது அடைத்துக்கொண்டது. ஃப. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ருக் மத்" என்றாள். நிறுத்தாதே. நிறுத்தவில்லை.

மண் வந்தது. பழுப்பு. பச்சையின் சாயல்கூட இல்லை. எனக்கு அதுவே போதும், ஆனால் நிறத்தை வைத்து ஊர் நம்பாது. ஃப. எடுத்துக்கொண்டு போய் அலசி, உலர்த்தி, மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். நான் சில்லைப் பஞ்சில் சுற்றிக் குப்பியில் போட்டேன், ஒட்டிவிடலாம், ஒட்டிவிடலாம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே.

"தேக். தேக், இஷா."

பார்த்தேன். சுருள். அதன் பக்கத்தில் இன்னொன்று. ஜிலேபிக் குட்டிகள் மாதிரி கிடந்தன.

மேல் அடுக்கு. நான் சொன்ன அடுக்கு. ஞாபகம் மாறிப் போகுமாம்.

ஜனவரி 13, செவ்வாய்

ஒரு தப்புக் கணக்குப் போட்டேன். ஆதாரத்தைக் காட்டினால் டைரக்டர் குழப்பமாவது அடைவார் என்று நினைத்தேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. சில்லு இருந்த குப்பியை மட்டும் பார்த்தார்.

"என்னைய நம்ப வெச்சுக் கழுத்தறுத்துப் போட்டீங்களே அம்மணி. மந்திரி வர்றாருங்க. நான் என்னங்க சொல்லட்டும்?"

"உண்மையைச் சொல்லுங்க சார். நல்ல காது. மேல் அடுக்கு. கால் தெரியாது. அதுவே பெரிய கண்டுபிடிப்புதான்."

"கால் தெரியாதுன்னா யாருங்க வருவாங்க பார்க்க?"

பிறகு ஆங்கிலம். நீண்ட நேரம். தேசியச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு மெமோ. விளக்கம் தர வேண்டும். சேகரிப்பு அறைச் சாவியை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தேன், மேஜையில் போட்டேன், வேண்டுமென்றே சத்தமாக.

பிறகு என் இடத்துக்கு வந்து, கட்டுரையில் பெயர் இருக்கும் எல்லோருக்கும் படங்களோடு மெயில். ஒதுங்கும் எண்ணம் போய்விட்டது. என் பெயரை எடுங்கள் என்று எழுதவில்லை. கட்டுரை தவறு என்று எழுதினேன்.

ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டதிலிருந்து வீடு வரை போனில் யாரையோ திட்டிக்கொண்டே வந்தார். ஆறுதலாக இருந்தது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய கரும்பு சூம்பல். குக்கரில் பொங்கல், அடி பிடித்தது. நிலா மேலாகச் சுரண்டி முந்திரியை மட்டும் தின்றாள்.

வீட்டுக்காரரிடம் மெமோவைக் காட்டினேன். மறைத்து வைக்கலாம் என்றுதான் இருந்தேன். பையிலிருந்து கரும்பை எடுக்கும்போது அவரே பார்த்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார்.

"உடைச்சியா?"

"உடைச்சேன்."

"எதுக்கு?"

"உள்ள இருக்கிறதைப் பாக்க."

"பாத்தியா?"

"பாத்தேன்."

கத்துவார் என்று தயாராக இருந்தேன். பதிலுக்குக் கத்த என்னிடம் நிறைய இருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டி லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்.

"எலும்பைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுளா. மெமோவுக்குப் பதில் எழுதுததுல நான் டாக்டர். வருத்தம்னு ஒரு எழுத்து வரக்கூடாது. அனுமதி மறுத்தது எழுத்துலயா, வாயிலயா?"

"வாயில."

"அப்படிச் சொல்லு. அப்ப மறுக்கவே இல்ல. டப்பாவுல லேபிள் ஒட்டுனது யாருன்னு நாம கேள்வி கேக்கோம். பதில் சொல்லட்டும்."

சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மந்திரிசபைக் குறிப்பு மாதிரி ஒரு பதில். பத்திக்குப் பத்தி எண். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே கோபமும். அன்றைக்கு வம்பு எதுக்கு என்று கேட்ட மனுஷர்தான் இவர். ஏன் மாறினார் என்று கேட்டேன்.

"அன்னைக்கு அது உன் வம்பு. இப்ப வீட்டுக்கு மெமோ வந்திருக்குல்லா."

ஜனவரி 19, திங்கள்

விசாரணைக் கமிட்டி. மூன்று பேர். டைரக்டரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார், அவர் உட்காரலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஃபர்ஹானாவை உள்ளே விடவில்லை. வராந்தாவில் குளிரில் நின்றாள்.

உடைத்தீர்களா? ஆம். அனுமதி இருந்ததா? எழுத்தில் மறுப்பு இல்லை. வருந்துகிறீர்களா? சில்லுக்காக வருந்துகிறேன். செய்ததற்காக இல்லை.

தலைவர் தண்ணீர் குடித்தார். இன்னொருவர் மொபைலைத் தடவினார். உடைத்ததைப் பற்றியே சுற்றிச் சுற்றி வந்தார்கள். எந்த உபகரணம், எந்த மேஜை, எவ்வளவு பெரிய சில்லு. ஒரு கட்டத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது.

"உள்ளே என்ன இருந்ததுன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே!"

தமிழில் வந்துவிட்டது. டைரக்டரைத் தவிர யாருக்கும் புரியவில்லை. அவர் நகத்தைப் பார்த்தார்.

கமிட்டியில் இருந்த அம்மாள், பாறை அடுக்குகளில் வேலை செய்தவர், வங்காளி, அதுவரை பேசாதவர். ஆங்கிலத்தில் மெதுவாக, "என்ன சொன்னீர்கள்?"

மறுபடி ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கை நீட்டினார். படத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். "இது கீழ் அடுக்காக இருக்க முடியாது" என்றார். அவ்வளவுதான்.

அப்போது டைரக்டர் தொண்டையைச் செருமினார். தமக்கும் ஆரம்பத்திலிருந்தே அந்தச் சந்தேகம் இருந்ததாகவும், தம் வழிகாட்டுதலில்தான் இந்தச் சோதனைக்கு யோசனை எழுந்ததாகவும், முறையில்தான் சிறு பிசகு என்றும் சொன்னார்.

அவர் சொன்ன ஆங்கிலத்தை இங்கே எழுதவும் கை கூசுகிறது. நான் எழுந்து நின்றேன். வார்த்தை வரவில்லை. இருபது வருஷம் டில்லி, மூன்று மொழி, ஒன்றிலும் வரவில்லை. உட்கார்ந்தேன். அதற்காக இப்போது என் மேலேயே ஆத்திரம்.

தீர்ப்பு: எச்சரிக்கை. மெமோ கோப்பில் இருக்கும்.

ஜனவரி 21, புதன்

மந்திரி விழா. பந்தல், சமோசா, சாமந்தி மாலை. போஸ்டரில் 'மிகப் பழைய' என்ற இடத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி 'பழைய' என்று ஆக்கியிருக்கிறார்கள். கால் நான்கும் அப்படியே. மூதாதையும் அப்படியே.

காலையிலேயே ஹர்ஜித் போன். கட்டுரையின் இரண்டாவது பெயர், சண்டிகரில் இருக்கிறார். "மேடம், நான் விலகிக்கொள்கிறேன். மற்ற இருவரும் அப்படித்தான். பத்திரிகைக்கு எழுதியாகிவிட்டது." நன்றி என்று சொல்ல வேண்டும். நான் சொன்னது, "கட்டுரையை அனுப்பும் முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." வைத்துவிட்டேன். மன்னிக்க எனக்கு நேரமில்லை இன்று.

மந்திரி வந்தார், நாடாவை வெட்டினார், கடலுக்கும் நமக்கும் உள்ள பழைய உறவு பற்றிப் பேசினார், போனார். பேச்சில் என் பெயர் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. காது கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் மேல், உடைந்த பக்கம் அடியில் தெரியாதபடி. பக்கத்திலேயே அந்தக் கணுக்கால். ஒரே பெட்டி. ஒரே பெயர்ப்பலகை.

டிவிக்காரப் பெண் ஒருத்தி, சின்ன வயசு, மைக்கை நீட்டிக்கொண்டு எல்லோரையும் கேட்டு வந்தாள். யாரோ என்னைக் கைகாட்டினார்கள். "மேடம், இது நம் மூதாதையா?"

டைரக்டர் எதிரே நின்றார். தலையை லேசாக அசைத்தார். வேண்டாமுங்க என்று அர்த்தம்.

"இல்லை" என்றேன் இந்தியில். "இது யாருக்கும் மூதாதை இல்லை. திமிங்கிலங்களுக்குத் தூரத்துப் பங்காளி. காது மட்டும் கிடைத்தது. அந்தக் கால் அதனுடையது அல்ல. வேறு ஏதோ மிருகத்தினுடையது, அதைவிடப் பழையது, அதை இன்னும் யாரும் சரியாகப் பார்க்கவே இல்லை."

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். பிறகு, "அப்போ ஏன் ஒரே பெட்டியில் வைத்திருக்கிறார்கள்?"

"அதை அவரைக் கேளுங்கள்" என்று கையை நீட்டிக் காட்டினேன். கேமரா திரும்பியது. டைரக்டர் சமோசாத் தட்டோடு.

ஃபர்ஹானா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கேட்டுக்கு வெளியே இரண்டு பேரும் வேர்க்கடலை வாங்கித் தின்றோம்.

ஜனவரி 22, வியாழன்

டிவியில் வரவில்லை. மந்திரி நாடா வெட்டியது மட்டும் வந்தது. செய்தித்தாளில் படம்: நான்கு காலோடு. நிலா ஸ்கூலில் யாரோ, "உன் அம்மா கண்டுபிடிச்ச நாய்" என்றார்களாம். சண்டை போட்டு டீச்சரிடம் திட்டு வாங்கி வந்திருக்கிறாள். நான் திட்டவில்லை.

ஆனால் மத்தியானம் பெட்டியிலிருந்து கணுக்காலை எடுத்துவிட்டார்கள். யார் சொல்லி என்று தெரியாது. வெல்வெட்டில் அது இருந்த இடத்தில் குழி.

ஃப.வும் நானும் சின்னக் கட்டுரை ஒன்று எழுதுவதென்று முடிவு. காது, மேல் அடுக்கு, கிளிஞ்சல். காலையில் அட்டவணையை ஓட்டிப் பார்த்தேன், கால் இல்லாமல். தெரிந்த திமிங்கிலங்களுக்குப் பக்கத்தில், தனியாக ஒரு சிறு கிளை. பெருமை ஒன்றுமில்லை. அதன் இடம் அது.

செல்விக்கு நரேலாவிலேயே வேலை கிடைத்துவிட்டதாம். பிப்ரவரியோடு நிற்கிறாள்.

ஜனவரி 23, வெள்ளி

மழை. குளிர்கால மழை, ஊசி மாதிரி. குடை மெட்ரோவில் போய்விட்டது.

டைரக்டர் கூப்பிட்டார். போனேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்தக் காதுக்குள்ள வேற என்னங்க இருந்துச்சு?"

கேட்கிறார். இப்போது! எல்லாம் முடிந்த பிறகு. வாய்வரை வந்த வார்த்தையை எழுத முடியாது. திரும்பி வராந்தா பாதி வரை நடந்துவிட்டேன். பிறகு என் கால்களே திரும்பின. வேறு யாரிடம் சொல்வது? இந்தக் கட்டடத்தில் அந்தக் கேள்வியை அவர்தான் கேட்டிருக்கிறார்.

சொன்னேன். லேப்டாப்பைத் திறந்து ஸ்கேனைக் காட்டினேன். உள்காதின் வளைகுழாய்கள் தெரிகின்றன. தரையில் ஓடும் மிருகத்துக்கு இருப்பதைவிடச் சிறியவை. தலை திரும்புவதை உணரும் குழாய்கள் அவை. தண்ணீரில் திரும்பி வாழப் பழகிய உடம்பாக இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்தார். "இன்னொருக்கா திருப்புங்க" என்றார். திருப்பினேன். "இந்தப் பக்கத்துல வெட்டிக் காட்டுங்க." காட்டினேன். நல்ல கேள்விகள் கேட்டார். இரண்டு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, கட்டுரைக்குக் குறித்துக்கொண்டேன். மழை நின்றதுகூடத் தெரியவில்லை.

"அருமையான காதுங்க அம்மணி" என்றார். உண்மையாகச் சொன்னார். குரலில் தெரிந்தது. இவ்வளவு தெரிந்த மனுஷர், எதற்காக என்று கேட்க வாயெடுத்தேன்.

அதற்குள் அவர் எழுந்து மேஜைக்குப் போய்விட்டார். கோப்பு ஒன்றை நகர்த்திக்கொண்டே, "கான்ட்ராக்ட் லிஸ்டு மேல போயிருச்சுங்க. உங்க பேரு இல்லீங்க. மார்ச் வரைக்கும் இருக்கலாமுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"எப்போ அனுப்பினீங்க?"

"நேத்துங்க."

நேற்று அனுப்பிவிட்டு இன்று கூப்பிட்டுக் காது பார்த்திருக்கிறார்.

லேப்டாப்பை மூடினேன். வெளியே வந்து கதவை அறைந்தேன், கட்டடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி. கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பித்தளை, நல்ல கனம். இப்போது இந்த மேஜையில் இருக்கிறது. பியூன் மூன்று தடவை மெசேஜ் அனுப்பிவிட்டான், சார் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று. பதில் போடவில்லை.